திரைப்படப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடன் வாங்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்படப் பள்ளிகளில் சேர விரும்பும் மாணவர்களுக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் வெளியாகியிருந்தது. விண்ணப்பத்துடன் அனுப்பும் படைப்புத் தொகுப்பு, அதாவது மாணவர்கள் போர்ட்ஃபோலியோ என்று குறிப்பிடுவது, தொழில்முறைத் தரத்தில் அமைய வேண்டும் என்றும், அதற்காக நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்து, அனுபவம் வாய்ந்த ஒளிப்பதிவாளரையும் படத்தொகுப்பாளரையும் அமர்த்திக்கொள்வது நல்லது என்றும் அக்கட்டுரை அறிவுறுத்தியிருந்தது. படத்தொகுப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அது வேலை தேடித் தரும் அறிவுரைதான். ஆயினும் அதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேமரா வாடகைக்கும் ஆள் கூலிக்கும் கடன் கேட்டு அலையப்போகும் குடும்பங்கள் இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தேர்வுக் குழுக்களில் வெளியார் உறுப்பினராகச் சில பருவங்கள் அமர்ந்திருக்கிறேன். விண்ணப்பிக்கும் இளைஞர்கள் காட்டும் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லியும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தேர்வாளர் தேடுவது விண்ணப்பதாரர் எடுத்த முடிவுகளை. கேமராவை ஏன் அங்கே வைத்தார், எந்த இடத்தில் வெட்டினார், எதைக் காட்டாமல் விட்டார், யாரை எவ்வளவு நேரம் பார்க்கவைத்தார் என்பவையே அந்த முடிவுகள். கூலிக்கு வந்த ஒளிப்பதிவாளர் ஃப்ரேம் வைத்து, கூலிக்கு வந்த படத்தொகுப்பாளர் வெட்டி, விலைக்கு வாங்கிய இசையைப் போர்த்தி அனுப்பிய படத்தில் இவற்றில் எதுவும் விண்ணப்பதாரருடையதாக இருப்பதில்லை. படம் பளபளப்பாக இருக்கும். அதை அனுப்பியவர் யார் என்று மட்டும் தெரியாது. நேர்காணலில் அந்த ஷாட்டை ஏன் அவ்வளவு நீளம் வைத்தீர்கள் என்று கேட்டால், ஒளிப்பதிவாளர் அண்ணன்தான் அப்படி எடுத்தார் என்ற பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிறகு குழுவில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

வாடகைக் கேமராவில் இன்னொரு கேடும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நாள் வாடகைக்கு எடுத்தவர் அந்த ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டும். ஆகவே விடிந்தது முதல் இருட்டும் வரை ஓட்டமாக ஓடி, எழுதி வைத்த ஷாட்டுகளில் பாதியைக் கைவிட்டு, மீதியை அரைகுறையாக எடுத்துத் திரும்புவார். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ஷாட்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போதுதான் முக்கியமான காட்சியில் நடிப்பவரின் முகமே பதிவாகவில்லை என்று தெரியவரும். கேமரா போய்விட்டது, மறுபடி எடுக்கப் பணம் இல்லை. தன் கையிலிருக்கும் செல்போனில் எடுத்தவரோ வெட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் மீண்டும் எடுப்பார். பணமில்லாதவரிடம் மிச்சமிருக்கும் ஒரே மூலதனம் நாட்கள். வாடகை அந்த நாட்களையும் பிடுங்கிக்கொள்கிறது.

ஆனால் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே கிடையாது. பள்ளி என்ன கேட்கிறது என்பதை ஒரு வரி விடாமல் படிப்பதே அது. எல்லாப் பள்ளிகளும் குறும்படம் கேட்பதில்லை. சில பள்ளிகள் ஒரு காட்சியை எழுதி அனுப்பச் சொல்கின்றன. சில புகைப்பட வரிசை கேட்கின்றன. சிலவற்றில் முதற்கட்டம் முழுக்க எழுத்துத் தேர்வுதான். பாரிஸில் உள்ள லா ஃபெமி பள்ளியின் நுழைவுத் தேர்வில், பள்ளி அறிவிக்கும் கருப்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மனிதர்களையும் இடங்களையும் நேரில் தேடிப் போய் விசாரித்து, எழுத்தும் படமுமாக ஒரு கோப்பு தயாரித்து அனுப்புவது நீண்டகால வழக்கம். அத்தகைய கோப்புக்குத் தேவைப்படுவது கால்களும் காதுகளும்தான். யாரும் கேட்காத இருபது நிமிடக் குறும்படத்துக்குச் சேமிப்பையெல்லாம் கொட்டிவிட்டு, கேட்கப்பட்ட இரண்டு பக்க எழுத்தைக் கடைசி இரவில் கிறுக்கி அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

புகைப்படங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் விண்ணப்பதாரர்கள் அதை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். 1962-இல் வெளிவந்த, பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெதே’ என்ற 28 நிமிடப் படம், ஒரே ஒரு அசையும் ஷாட்டைத் தவிர முழுக்க நிலைப்படங்களால் ஆனது. எட்டு அல்லது பத்துப் படங்களை எந்த வரிசையில் வைத்தால் கதை நகர்கிறது, எந்தப் படத்தை எடுத்துவிட்டால் அது இன்னும் கூர்மையாகிறது என்று பார்ப்பது படத்தொகுப்பின் அடிப்படைப் பயிற்சி. அழகான அந்திவானம், அழகான குழந்தை, அழகான முதியவர் என்று தொடர்பற்ற படங்களை அடுக்கி அனுப்புவதால் பயன் எதுவும் இல்லை. ஒருவர் ஓர் அறைக்குள் நுழைவதற்கு முன்னும் நுழைந்த பின்னுமாக ஐந்து படங்கள் போதும். அவருக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று பார்ப்பவர் ஊகிக்கும்படி அவை இருந்தால் அது சினிமாதான்.

கைப்பொருள் இல்லாமல் திரைப்படக் கல்வி நடந்ததற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. உலகின் மிகப் பழைய திரைப்படப் பள்ளி என்று சொல்லப்படும் மாஸ்கோ அரசுப் பள்ளி 1919-இல் தொடங்கியபோது நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. புது ஃபிலிம் சுருளுக்கு அப்படியொரு பஞ்சம். அங்கே இயக்குநரும் ஆசிரியருமான லெவ் குலெஷோவின் பட்டறையில் படித்தவர்கள் ஃபிலிம் இல்லாத படங்களை நடத்தினார்கள். அதாவது, ஒரு படத்துக்கு எழுதுவதுபோலவே ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதி, ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு ஷாட்டையும் மேடையில் நடித்துக் காட்டினார்கள். நடிகரின் அதே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிப் பார்த்த அவருடைய புகழ்பெற்ற சோதனைக்கும் ஏற்கெனவே இருந்த பழைய ஃபிலிம் துண்டுகளே பயன்பட்டன. அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெயர்பெற்ற சோவியத் இயக்குநர் புதோவ்கின். இன்றைய விண்ணப்பதாரரின் சட்டைப் பையில் இருக்கும் செல்போனை அவர்களிடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நான் குழுவில் இருந்தபோது வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். அனுப்பியவரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுத் திருப்பத்தில் செல்போனை ஏதோ ஒரு மேடைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் ஒரே ஷாட். ஃப்ரேமில் வெறும் படிகளும் ஒரு கைப்பிடியும். கீழேயிருந்து குரல்கள் மட்டும் கேட்கின்றன: “அண்ணே, உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க”, “இருப்பா, விரலு மாட்டிக்கிச்சு”. எதையோ உராயும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம். மேல்தளத்தில் ஒரு கதவு திறக்கிறது. ஒரு பெண்மணி இறங்கி வந்து கைப்பிடி வழியே எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறார். ஒரு குளிர்பதனப் பெட்டியின் மேல்மூலை மட்டும் ஃப்ரேமின் அடியில் தோன்றி, நின்று, மறுபடி கீழே இறங்கிவிடுகிறது. அவ்வளவுதான் படம். அதுவரை ஆளுக்கொரு தேநீர்க் குவளையோடு சாய்ந்திருந்த குழுவினர் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அடுத்ததாக வந்ததோ ட்ரோனில் தொடங்கி ட்ரோனில் முடிந்த படம். அதன் கதை என்ன என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்தப் படிக்கட்டுப் படம் தேறியதற்குப் பாதிக் காரணம் ஒலி. குறைந்த செலவில் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் ஒலியில்தான் தோற்கின்றன. படம் சற்று இருட்டாகவோ புள்ளி புள்ளியாகவோ இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், சில வேளைகளில் அதையே பாணி என்றும் எடுத்துக்கொள்வார். வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார். அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ் கொண்டு எடுத்து 2015-இல் வெளியான ‘டேஞ்சரின்’ என்ற முழுநீளப் படத்தை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அவர்கள் படத்தைத்தான் போனில் எடுத்தார்கள். ஒலியைத் தனிக் கருவிகளில் முறையாகப் பதிவு செய்தார்கள் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

காரணம் எளிது. திறந்தவெளியில் பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளோ, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே தூரத்திலிருந்து பதிவாகும் குரலில் ஆள் குறைவாகவும் அறை அதிகமாகவும் கேட்கும். இதை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. இதற்கு வழி, நண்பரின் போனை இரவல் வாங்குவது. அதில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, ஃபிளைட் மோடில் போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில், ஃப்ரேமில் தெரியாதபடி சட்டைக்குள்ளோ மேசைமேல் புத்தகத்துக்குப் பின்னாலோ வைத்துவிடலாம். ஷாட் தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு முறை கை தட்டினால், பின்னர் இரண்டு பதிவையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். வெட்டிய இடங்களில் விழும் ஓட்டைகளை அடைக்க அது இல்லாமல் முடியாது. இந்த அரை நிமிடத்தை வாங்கி வராத மாணவர்களிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிடுகிறேன்.

ஒளிப்பதிவுக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை. சன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கி, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் முகம் நன்றாகவே இருக்கும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவையும்) பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் நடிப்பவர் நகரும்போதெல்லாம் பின்னணி வெளுத்தும் கறுத்தும் மாறிக்கொண்டிருக்கும். விரலால் இழுத்து ஜூம் செய்வதற்குப் பதில் நடந்து கிட்டே போகலாம். குழல்விளக்கும் எல்இடியும் துடிப்பது தெரிந்தால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்றும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120 என்றும் வைத்துப் பார்க்க வேண்டும். கேமரா குலுங்காமல் தாங்கும் கிம்பல் என்ற கருவி வேண்டவே வேண்டாம். காரணமின்றி மிதக்கும் கேமராவைப் பார்த்துப் பார்த்துத் தேர்வாளர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள்.

என் தொழிலான எடிட்டிங்கிலும் பணம் ஒரு தடையே இல்லை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே 3840 x 2160 அளவு வரை வெளியீடு தரும்; அதை இயக்கும் வலு கணினிக்கு இல்லையென்றால் ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய கணினி திணறினால் அளவு குறைந்த ப்ராக்ஸி கோப்புகளை உருவாக்கி அவற்றில் வெட்டிவிட்டு, கடைசியில் மூலக் கோப்புகளோடு இணைத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: செல்போன்கள் பலவும் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்ற கணக்கைச் சீராக வைத்துக்கொள்ளாமல் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. அதனால் தொடக்கத்தில் உதட்டோடு ஒட்டியிருந்த வசனம் மூன்றாவது நிமிடத்தில் விலகி நிற்கும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தலைவலி வராது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிப் பெற்ற காட்சிகளை வைத்து வெட்டவும் கூடாது. அது சுருக்கி அனுப்புவதில் பட விவரம் பெருமளவு போய்விடும்.

இசை என்றதும் எல்லோருடைய கையும் பிரபல பாட்டை நோக்கிப் போகிறது. உரிமைப் பிரச்சினையால், இணையத்தில் ஏற்றி அனுப்பிய படத்தின் இணைப்பு முடக்கப்படலாம் என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பாட்டு எழுப்பும் உணர்ச்சி அதை அமைத்தவருக்குச் சொந்தமானது. விண்ணப்பதாரரின் கணக்கில் அது சேராது. பழைய மேதைகளின் இசைக்கு உரிமை கேட்பார் இல்லை என்று நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1750-இலேயே இறந்துவிட்டார், அவருடைய இசையமைப்பு பொதுவுடைமைதான். ஆனால் அதை அண்மைக் காலத்தில் வாசித்துப் பதிவு செய்தவரின் ஒலிப்பதிவுக்குத் தனியே உரிமை இருக்கும். இசையே இல்லாமல் அனுப்புவது எப்போதும் பாதுகாப்பானது, பெரும்பாலும் நல்லதும்கூட.

அடுத்தது, ஏன் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறேன் என்று விண்ணப்பதாரர் எழுதும் நோக்க அறிக்கை. இதைக் காசு கொடுத்து எழுதி வாங்கும் வழக்கம் பரவிவருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு காசுகூட வேண்டியிருப்பதில்லை. சிறு வயது முதலே சினிமா என் மூச்சு என்று தொடங்கும் அறிக்கைகளை ஒரே நாளில் அடுத்தடுத்துப் படிப்பவரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு படத்தில் ஒரு வெட்டு தன்னை ஏன் திடுக்கிடவைத்தது என்று நான்கு வரி எழுதியவர், உலக சினிமாவின் பெரிய பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்தியவரைவிட மேலே போய்விடுவார். தான் செய்த வேலையையும் பிறர் செய்த வேலையையும் பிரித்து எழுதுவதும் முக்கியம். ஒரு குழுப் படத்தில் ஒலியை மட்டும் பதிவு செய்தேன் என்று சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் நானே என்று சொல்லிவிட்டு நேர்காணலில் விழிப்பதுதான் ஆபத்து.

உண்மையாகவே பணம் தேவைப்படும் இடங்கள் இல்லாமல் இல்லை. மூலக் காட்சிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க், முடிந்தால் சட்டையில் குத்தும் ஒரு சிறு மைக், நடிக்க வந்த நண்பர்களின் போக்குவரத்துச் செலவு, விண்ணப்பக் கட்டணம், நேர்காணலுக்கான பயணம் ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பல பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டணமே படச் செலவைவிட அதிகமாகிவிடும். கட்டணச் சலுகை உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன் கடிதம் எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. புகழ்பெற்ற போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியை அந்நாட்டின் வூட்ஜ் திரைப்படப் பள்ளி இரண்டு முறை நிராகரித்து மூன்றாம் முறைதான் சேர்த்துக்கொண்டது. இந்த ஆண்டு இடம் கிடைக்காதவர் அடுத்த ஆண்டு அதே காட்சிகளைப் புதுக் கண்ணோடு மறுபடி வெட்டிப் பார்க்க, அவை அழியாமல் இருக்க வேண்டுமல்லவா?

இவ்வளவும் மாணவர்களுக்குச் சொன்னேன். பள்ளிகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. தங்கள் நாளிதழ் அவற்றை எடுத்துச் சொன்னால் காதில் விழும் என்று நம்புகிறேன். செல்போனில் எடுத்த படம் ஏற்கப்படும் என்றால், அதை விண்ணப்பக் குறிப்பிலேயே ஒரு வரியில் அச்சிடட்டும். அந்த ஒரு வரி எத்தனையோ வீடுகளில் கடன் வாங்குவதை நிறுத்தும். நீளத்துக்கு உச்சவரம்பு வைத்து, அதை மீறிய பகுதியைப் பார்க்கமாட்டோம் என்றும் சொல்லட்டும். வீடியோவுக்குப் பதிலாகப் புகைப்பட வரிசையையோ எழுதிய காட்சியையோ அனுப்பலாம் என்ற வாய்ப்பை எல்லாத் துறைகளுக்கும் திறந்துவிடட்டும். எந்தக் கேமராவில் எடுத்தீர்கள் என்ற கேள்வியைப் படிவத்திலிருந்து நீக்கிவிட்டு, இதில் நீங்கள் மட்டும் செய்தது என்ன, யாருக்காவது கூலி கொடுத்தீர்களா என்ற இரண்டு கேள்விகளை அங்கே சேர்க்கட்டும். தேர்வு முடிந்ததும், விண்ணப்பதாரர்களின் இசைவு பெற்று, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டுத் தேர்வான சில தொகுப்புகளைப் பள்ளிகளே பொதுப்பார்வைக்கு வைக்கலாம். தங்கள் கல்விப் பக்கமும் அடுத்த சேர்க்கைக் காலத்தில் கேமரா வாடகை பற்றிய ஆலோசனைக்கு ஒதுக்கும் இடத்தை அத்தகைய ஒரு தொகுப்பைப் பற்றி எழுத ஒதுக்குமானால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகரான ஒரு படத்தொகுப்பாளர்